எழுபது கிலோவுக்குக் கீழே

“பாப்பாவை இறக்கி விட்டுட்டு ஏறு. அவ எட்டு கிலோவை உன் கணக்குல ஏன் சேர்க்கிறே?” என்றார் கணக்கு வாத்தியார்.

எட்டு மாதக் குழந்தையைத் தன் அம்மாவிடம் நீட்டிவிட்டு, மனைவி எடை மெஷினில் ஏறினாள். முள் ஆடி அசைந்து அறுபத்தொன்பதரையில் நின்றது. வாத்தியார் சுவரில் ஒட்டியிருந்த கட்டத்தாளில் ஒரு புள்ளி வைத்து, போன வாரத்துப் புள்ளியோடு அடிக்கோல் பிடித்து இணைத்தார். ஆறு வாரமாகக் கோடு சறுக்குமரம் மாதிரி இறங்கியிருந்தது. இரண்டடி தள்ளி நின்று, தான் பெற்ற பிள்ளையைப் பார்ப்பது போல அதைப் பார்த்தார்.

அவள் கட்டுமான கம்பெனியில் டவர் கிரேன் ஓட்டுபவள். பதினைந்து மாடி உயரத்துக்குச் செங்குத்தான இரும்பு ஏணியில் ஏறி, கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வேண்டும். எழுபது கிலோவுக்கு மேல் இருந்தால் ஏணியில் கால் வைக்கவே விடமாட்டார்கள். கர்ப்பத்தில் ஐம்பத்தெட்டு கிலோ எழுபத்தெட்டானது. பிறந்த குழந்தை மூன்று கிலோ. இவளிடமிருந்து இறங்கியதும் சரியாக அந்த மூன்று கிலோதான். மீதி, சொந்த வீடு மாதிரி சட்டமாக உட்கார்ந்துகொண்டது.

கம்பெனியின் மெடிக்கல் செக்கப்பில் இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாளை மூன்றாவது, அதுதான் கடைசி. தேறாவிட்டால் கிரேன் நிரந்தரமாகப் பதில் ஆளுக்குப் போய்விடும். இவள் இப்போது உட்கார்ந்திருக்கும் ஸ்டோரிலேயே நட்டு, போல்ட்டு எடுத்துக் கொடுத்தே ரிட்டயர் ஆகவேண்டியதுதான்.

“மேல உட்கார்ந்தா ஊரே எறும்பு மாதிரி தெரியும். ஸ்டோர்ல நான் எறும்பு மாதிரி இருக்கேன்,” என்பாள்.

அதற்காகத்தான் வாத்தியார் ஏழு விதிகள் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். முதல் ஆறு மாதம் விதிகளை ஃபிரிட்ஜ் மட்டும்தான் படித்தது. பிறகு திடீரென்று வேலை செய்ய ஆரம்பித்தன.

“மாப்பிள்ளை, தப்பா நினைச்சுக்காதீங்க,” என்றாள் மாமியார், பேத்தியைத் தோளில் சாய்த்தபடி. “பால் குடுக்கிறவ இப்படிக் கொறிச்சா உடம்பு என்னத்துக்கு ஆகும்? தட்டைக் கொண்டுபோய் வச்சா மூஞ்சியைத் திருப்பிக்கிறா.”

“அது விதி ரெண்டு, அத்தை. நாக்கைக் கட்டறது. ரெண்டு மாசம் முன்னாடி வரைக்கும் குளியலறையில ஒளிஞ்சு நின்னு பிஸ்கட் தின்னவ இவ.”

“டீயைக்கூட விட்டுட்டா.”

“விதி நாலு.”

“பொழுது சாயறதுக்குள்ள போய்ப் படுத்துடறா.”

“விதி அஞ்சு. நல்ல தூக்கம் கொழுப்பைக் கரைக்கும்.”

“எதைக் கேட்டாலும் எரிஞ்சு எரிஞ்சு விழறா.”

வாத்தியார் கொஞ்சம் யோசித்தார். “அது விதியில இல்லை. அது பரம்பரை.”

“ரெண்டு பேரும் வாயை மூடறீங்களா?” என்றாள் மனைவி. “எதனாலயோ இறங்குது. நாளைக்கு ஒரு கையெழுத்து வாங்கிட்டு நான் மேல போயிடுவேன். அப்புறம் நீங்க அந்தச் சுவரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாலும் எனக்குக் கவலை இல்லை.”

வாத்தியார் கட்டத்தாளின் ஓரத்தை நீவிவிட்டார். பெரிய கண்டுபிடிப்புகளை வீட்டில் முதலில் மதிப்பதில்லை என்று அவருக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் நிலைமையே வேறு. ட்ரில் மாஸ்டர் ஏழு விதிகளையும் மனப்பாடம் செய்துவிட்டார். தலைமையாசிரியை, தன் நாத்தனாருக்கு என்று சொல்லி ஒரு நகல் வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் கட்டத்தாளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாத்தியாரும் மெடிக்கலுக்குக் கிளம்பினார். ரத்தம், சிறுநீர், கண், காது என்று எல்லாச் சோதனையும் முடிந்து, கம்பெனி டாக்டரம்மா முன்னால் இருவரும் உட்கார்ந்தபோது மணி பதினொன்று. வரும் வழியில் ஒரு வாய் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டதில், எடை இன்னும் கால் கிலோ குறைந்திருந்தது.

டாக்டரம்மா பழைய ஃபைலையும் புதிய ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“எட்டு வாரம் முன்னாடி எழுபத்தஞ்சு. இப்ப அறுபத்தொன்பதே கால். அப்படி என்னம்மா செஞ்சீங்க?”

மனைவி வாயைத் திறப்பதற்குள் வாத்தியார் தாளை மேஜை மேல் விரித்துவிட்டார்.

“அவ ஒண்ணுமே செய்யலை டாக்டர். எல்லாம் நான் செஞ்சது.”

“ஏங்க, சும்மா இருங்க.”

“உள்ளதைச் சொல்றதுல என்ன? இவ பாட்டுக்குப் படுத்துத் தூங்கினா. முயற்சி முழுக்க என்னுது.”

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, அப்போதுதான் வந்த லேப் ரிப்போர்ட்டைப் படித்தார். இன்னொரு முறையும் படித்தார். பேனா மூடியைத் திறந்து, யோசித்து, மறுபடி மூடினார்.

“எடையில தேறிட்டீங்க. ஆனா ஏணி ஏற நான் கையெழுத்துப் போட முடியாதும்மா.”

மனைவியின் முகம் சட்டென்று சுருங்கியது. “ஏன் டாக்டர்? எழுபதுக்குக் கீழதானே இருக்கேன்? எட்டு மாசமா இதுக்குத்தானே உயிரை விட்டேன்?”

“வேணும்னா இன்னும் ரெண்டு கிலோ இறக்கிக் காட்டறேன் டாக்டர்,” என்றார் வாத்தியார். “எனக்கு ஒரு மாசம் போதும்.”

டாக்டரம்மா ரிப்போர்ட்டை மனைவியின் பக்கம் திருப்பி வைத்தார்.

“உங்க வீட்டுக்காரர் சொன்னது உண்மைதாம்மா, எல்லாம் அவர் செஞ்சதுதான். பால் குடுத்துக்கிட்டு இருந்ததால நாள் தள்ளினது உங்களுக்குத் தெரியலை. மூணாவது மாசம் நடக்குது.”