சாத்திய வகுப்பறை

“பாத்தீங்களா, மறுபடியும் கதவைச் சாத்திக்கிட்டாங்க!” என்றார் ஓவிய ஆசிரியர்.

கணக்கு டீச்சருக்கு வயிறு எரிந்தது. ஒரு வாரமாகப் பள்ளி விட்டதும் எட்டாம் வகுப்பு அறைக்குள் தலைமையாசிரியையும், புதிதாக வந்த அந்த அறிவியல் டீச்சரும்தான். வெளியே கேட்பது பாடம் நடத்தும் தலைமையாசிரியையின் குரல்.

“துணைத் தலைமைப் பதவிக்கு அவளுக்குப் பயிற்சி நடக்குது. இத்தனை வருஷமா இங்கயே கிடக்கிற நான் கண்ணுக்குத் தெரியல!” என்று பொருமினார் கணக்கு டீச்சர்.

பொறுக்க முடியாமல் போய்க் கதவைத் தள்ளினார்.

கரும்பலகை முன் தலைமையாசிரியை வியர்த்துப்போய் நின்றிருந்தார். முன்பெஞ்சில் மாணவியைப் போல அறிவியல் டீச்சர்.

“மேடம், பலகையைப் பாத்தே பேசறீங்க. பிள்ளைங்களைப் பாருங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

தலைமையாசிரியை அசடு வழிந்தார். “வாங்க டீச்சர். கையெழுத்துப் போட்டே காலம் போயிடுச்சு. திங்கக்கிழமையிலிருந்து நானும் கணக்கு வகுப்பு எடுக்கணும்னு மேலிடத்து உத்தரவு. பயமா இருக்கு. அதான் இவகிட்ட கத்துக்கறேன்.”

“கணக்குன்னா என்கிட்ட கேட்டிருக்கலாமே மேடம்?”

“கேக்கத்தான் வந்தேன். இவ கேட்ட ஏதோ சந்தேகத்தை நீங்க கேலி பண்ணி, ஸ்டாஃப் ரூமே சிரிச்சுட்டிருந்தது. வாசல்லயே திரும்பிட்டேன்.”

கணக்கு டீச்சர் தலை குனிந்தார்.

அறிவியல் டீச்சர் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். “உக்காருங்கக்கா. நல்லவேளை வந்தீங்க, இந்தக் கணக்கு எனக்கும் உதைக்குது.”

குத்திக்காட்டுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தார். இல்லை, நிஜமாகவே கேட்டாள்.

துணைத் தலைமைப் பதவி யாருக்கு என்று கணக்கு டீச்சர் அதன்பிறகு யாரிடமும் கேட்கவில்லை.