வெல்டாரிக்ஸ் தாங்குமா?

"தம்பி, ஒளிக்காமல் சொல்லும். அந்த வெல்டாரிக்ஸ் கொம்பனி இன்னும் பத்து வருசத்துக்குத் தாங்குமோ?"

பரராஜசிங்கம் இப்படிக் கேட்டதும், சயந்தன் கடித்த வடையை விழுங்க மறந்துபோனான்.

வெள்ளவத்தையில், காலி வீதியை ஒட்டிய இந்தத் தேநீர்க் கடையில் மாலையானால் இருவரும் பங்குச்சந்தை கதைக்கக் கூடிவிடுவார்கள். பரராஜசிங்கம் கொழும்புச் சந்தையில் வங்கிப் பங்கும் ஹோட்டல் பங்கும் வாங்கி வைத்துக்கொண்டு ஓய்வுக்காலத்தை ஓட்டுகிறவர். சயந்தன் ஒரு படி மேலே போய், கனடாவில் இருக்கும் அண்ணன் மூலமாக அமெரிக்கச் சந்தையில் கைவைத்தவன். வாங்கியது வெல்டாரிக்ஸ். காருக்கும் கைபேசிக்கும் சிப் செய்கிற கம்பனி. "இனி உலகமே செமிகண்டக்டர்தான் அங்கிள்" என்று இதே மேசையிலிருந்து அவன் அளந்தது கொஞ்சநஞ்சமல்ல.

அளந்ததற்குக் காரணம் இருந்தது. அவனும் பரராஜசிங்கத்தின் மகள் அனுஷியாவும் ஒருவரை ஒருவர் விரும்புகிறார்கள். மனுஷனுக்கு இன்னும் தெரியாது. பங்கு இரட்டிப்பானதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பெண் கேட்கலாம் என்று சயந்தன் மனக்கோட்டை கட்டியிருந்தான். பங்கோ பாதியாகிவிட்டது. அந்தச் சங்கதி அனுஷியாவுக்கு மட்டும்தான் தெரியும். "ஒரு நட்டத்தைச் சொல்லவே பயப்பிடுறவர், அப்பாவிட்டை என்னைக் கேப்பாராம்!" என்று சண்டை பிடித்தவள், அதற்குப் பிறகு அவனுடைய அழைப்பை எடுக்கவேயில்லை.

"ஏன் அங்கிள், திடீரெண்டு கேக்கிறியள்?"

"அனுவின்ர கலியாண விசயமாத்தான். நானும் மனிசி ஜெயராணியும் இதே யோசனையாத்தான் இருக்கிறம். வெல்டாரிக்ஸ் நல்ல கொம்பனியெண்டால் கண்ணை மூடிக்கொண்டு முடிவெடுக்கலாம். பிழைச்சுதெண்டால் பிள்ளையின்ர வாழ்க்கையெல்லோ?"

சயந்தனுக்கு விளங்கிவிட்டது. அவன் அளந்ததை நம்பி, மகளின் கலியாணத்துக்குச் சேர்த்த காசை அந்தப் பாழுங்கிணற்றில் கொட்டப் போகிறாரே!

"உம்மட ஷெயார் இப்ப எப்பிடி? ஏறியிருக்கோ?"

'ஓம்' என்று ஒரு சொல் சொன்னால் போதும், மானம் தப்பிவிடும். உண்மையைச் சொன்னால், தன் காசையே காப்பாற்றத் தெரியாத இவனுக்கா பெண் என்று கேட்க மாட்டாரா? சயந்தன் தேநீர்க் கோப்பையைத் தூக்கினான். குடிக்காமலே திரும்ப வைத்தான்.

"இல்லை அங்கிள். பாதியாப் போச்சுது."

"பாதியோ! போன கிழமையும் நல்லாப் போகுதெண்டெல்லோ சொன்னனீர்?"

"பொய் சொன்னனான். உங்களுக்கு முன்னால சின்னனாப் போயிடுவனெண்டு வெக்கம்." சொல்லத் தொடங்கியதும் அவனுக்கு வாய் நிற்கவில்லை. "அவங்கட சிப்பில அரைவாசிக்கு மேல ஒரேயொரு கார்க் கொம்பனிதான் வாங்கினது. அவங்கள் இப்ப வேற இடத்தில வாங்கத் தொடங்கிட்டாங்கள். புதுசாச் செய்த சிப்பும் சரிவரேல்ல. ஒரு ஃபெக்டரியையும் மூடியாச்சு. இனி ஆக்களை வேலையால நிப்பாட்டப் போறாங்களாம்."

"பெரிய எஞ்சினியர்மாரையுமோ?"

"அவையைத்தான் முதல்ல நிப்பாட்டுவினம். சம்பளம் கூடவெல்லோ."

பரராஜசிங்கம் தாடையைத் தடவினார்.

"நான் விட்டது என்னோட போகட்டும் அங்கிள். அனுஷியாவின்ர காரியத்தில மட்டும் இந்தக் கொம்பனியை நம்பாதேங்கோ."

சொல்லி முடித்ததும் சயந்தனுக்கு நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. இனிப் பெண் கேட்கிற கதை சரிவராது என்று தெரிந்தும், மனம் என்னவோ லேசாகத்தான் இருந்தது. ஒரு வீட்டுக் காசைக் கெடுத்த பாவம் இல்லை. நாளைக்கு அனுஷியாவின் முகத்தைப் பார்க்கலாம். ஏச்சு விழட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டான்.

ஏச்சு விழவில்லை. "அப்பாடா!" என்றார் பரராஜசிங்கம். உடனே கைபேசியை எடுத்தார்.

"ஜெயராணி, சிங்கப்பூர் மாப்பிள்ளை பகுதிக்கு வேண்டாமெண்டு சொல்லும். அவர் வேலை செய்யிற கொம்பனி தாங்காதாம். ஓமோம், நல்லா விசாரிச்சிட்டன்."

சயந்தன் வாயைப் பிளந்தான். "மாப்பிள்ளையோ?"

"ஓம் தம்பி. வெல்டாரிக்ஸின்ர சிங்கப்பூர்க் கந்தோரில பெரிய எஞ்சினியராம். பொடியன்ல ஒரு குறையும் சொல்லேலாது. எனக்குத்தான் ஒரே பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்ப மனமில்லை. வேண்டாமெண்டு சொல்ல ஒரு நியாயமும் கிடைக்கேல்ல. நல்ல வேளை, நீர் வாயைத் திறந்தீர்."

சயந்தனுக்கு எழுந்து கூத்தாட வேண்டும்போல் இருந்தது. காலி வீதியில் பஸ்கள் அடித்த ஹோர்ன்கூட அவனுக்கு நாதஸ்வரமாய்க் கேட்டது. போன உயிர் திரும்பி வந்த சந்தோசத்தில், ஆறிப்போன தேநீரை ஒரே மூச்சில் குடித்து முடித்தான்.

"ஆனால் தம்பி," என்றார் பரராஜசிங்கம், மிச்ச வடையைப் பிட்டபடி. "உம்மட்டைக் கேக்கிற யோசனை என்ர இல்லை, அனுவின்ர. 'உங்கட ஷெயார் சிநேகிதரைக் கேளுங்கோ அப்பா, அவர் அந்தக் கொம்பனி நல்லதெண்டு சொன்னால் மறுபேச்சில்லாமல் இந்த மாப்பிள்ளையையே கட்டுறன்' எண்டு சத்தியம் பண்ணிப்போட்டாள்."