ஏழாவது ஆணி

ஆர்மஸ் சவுனா என்ற நீராவிக் குளியலறையின் கதவைத் திறந்ததும் கெர்ட்டு எழுந்துகொண்டாள்.

"எனக்கு இந்தச் சூடு போதும்ப்பா."

அவள் உள்ளே வந்து மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. உடம்பில் சொட்டு வியர்வை கிடையாது. அவள் பின்னாலேயே இன்னும் இரண்டு பேர் இறங்கிப் போனார்கள்.

சவுனாவுக்குள் சண்டை கூடாது. தேவாலயத்தில் இருப்பதுபோல் இருக்க வேண்டும். அதனால் அந்த ஏரிக்கரை ஊர் ஆர்மஸை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆறு சனிக்கிழமைகளாக, அவன் வந்தால் எழுந்து போகிறது. அவ்வளவுதான்.

மேல் பலகையில் ரௌனி மட்டும் மிச்சம். யார் வீட்டு விறகு யார் கொட்டகைக்குப் போனது, யார் மருமகள் யாரோடு காபி குடித்தாள், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் ஆர்மஸ் விஷயத்தில் மட்டும் அவள் வாயே திறந்ததில்லை. ரௌனிக்குள் இப்படி ஒரு நல்ல மனசா என்று ஊரே அசந்துபோயிருந்தது.

விஷயம் இதுதான். சவுனாவில் சூடேறியவர்கள் உறைந்த ஏரியில் முழுக்குப் போட வெட்டிய குழிக்கு ஒரு மரப்பாலம் போகிறது. பாலத்தில் ஏழு ஆணிகள். தண்ணீரில் இறங்குகிறவர்கள் துண்டை ஆணியில் மாட்டிவிட்டு இறங்குவார்கள். துண்டு தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். ஏழும் காலியானால், சாவிக்காரன் ஆர்மஸ் பாலத்து விளக்கை அணைத்து, சவுனாவைப் பூட்டிவிட்டுப் போவான். பதினெட்டு வருஷமாக அப்படித்தான்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமையும் அப்படித்தான் அணைத்தான்.

மறுநாள் காலை சைமா குழியில் இருந்தாள். ஏணியைப் பிடித்திருந்த விரல்களைப் பிரிக்க வெந்நீர் ஊற்ற வேண்டியிருந்தது.

சவுனாவுக்குப் பக்கத்து வீட்டுக்காரி. நீச்சலுடையும் ஒரு துண்டுமாகவே வந்துபோவாள். உடைமாற்றும் அறையில் அவளுடையது என்று ஒரு காலுறைகூட இருக்காது. துண்டு அவள் வழக்கமாக மாட்டும் ஏழாவது ஆணியில்தான் இருந்திருக்கும், இரவுக் காற்று கொண்டுபோயிருக்கும், ஆர்மஸ்தான் பார்க்காமல் பூட்டினான் என்று ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது.

ஆர்மஸ் ஒரு அகப்பைத் தண்ணீரைக் கற்கள்மேல் ஊற்றினான். ஆவி சீறியது.

"சாவியக் குடுத்துட்டேன், ரௌனி. இனிமே வரமாட்டேன். ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அன்னைக்கு எனக்கு முன்னாடி கடைசியா பாலத்துல நடந்தவ நீதான். ஆணியெல்லாம் காலியாத்தானே இருந்துச்சு? நீ ஒருத்தி சொன்னாப் போதும் எனக்கு."

ரௌனி அகப்பையை வாங்கி வாளிக்குள் போட்டாள்.

"அந்தக் குளிருல நான் எதக் கண்டேன், ஆர்மஸ்?"

அவன் தலையை ஆட்டினான். ஆட்டிக்கொண்டே இருந்தான்.

"அப்ப நான்தான் பாக்கல போல."

எழுந்து பாலத்துக்குப் போனான். துண்டை ஏழாவது ஆணியில் மாட்டிவிட்டு இறங்கினான். ரௌனி கதவோரம் நின்று, அவன் கரையேறி அந்தத் துண்டை எடுக்கும்வரை கண்ணை எடுக்கவில்லை. பிறகுதான் வீட்டுக்குக் கிளம்பினாள்.

வீட்டில் அலமாரியின் அடித்தட்டை இழுத்தாள். விரிப்புகளுக்கு அடியில் நீலக்கோடு போட்ட ஒரு துண்டு. ஓரத்தில் சிவப்பு நூலில் சைமாவின் பெயர்.

அந்த ஜனவரி இரவு, சைமா முதல் முழுக்கை முடித்து, துண்டை ஆணியிலேயே விட்டுவிட்டு, அடுத்த முழுக்குக்கு உடம்பைச் சூடாக்க உள்ளே போயிருந்த நேரம் அது. குளிரில் பல் கிட்டித்துப்போய்க் கரையேறிய ரௌனி, கைக்குக் கிடைத்ததை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அதன்மேலேயே கோட்டை மாட்டிக்கொண்டு ஓடிவிட்டாள். சைமா மறுபடி தண்ணீரில் இறங்கியபோது ஏழாவது ஆணி காலி.

ரௌனியின் சொந்தத் துண்டு சவுனா பெஞ்சில் மறந்து கிடந்தது. அன்று பூட்டும்போது அதைப் பார்த்த ஆர்மஸ், நான்காக மடித்து, போகிற வழியில் அவள் வீட்டுக் கதவுப் பிடியில் மாட்டிவிட்டுப் போனான்.

அப்படியானால் அவள் எதைப் போர்த்திக்கொண்டு வீடு வந்தாள் என்று அவன் இன்றுவரை கேட்கவில்லை.