வாத்தியார் வீட்டு வழக்கம்

எழிலனின் கையில் அன்றைய பேப்பர் இருந்தது. அதில் அவன் பெயரோ படமோ வந்திருக்கவில்லை. ஆனாலும், பிடிபட்டவன் போல் அவனுக்கு வியர்த்து ஊற்றியது.

கூடத்துக் கதவு சாத்தியிருந்தது. எதிரே, முதுகு நாற்காலியில் படாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார் தேவநாதன்.

"சத்தமாப் படிங்க தம்பி. படிச்சு முடிச்சாத்தான் கதவு தெறக்கும். இது எங்க வீட்டு வழக்கம்."

முதுநகரில் அந்த வீட்டுக்கு 'வாத்தியார் வீடு' என்று பெயர். தேவநாதனின் தாத்தா பாதி ஊருக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தவர். வீட்டுக்கு வரப்போகும் மாப்பிள்ளை, பெரியவர்கள் முன்னால் பேப்பரைப் படித்துக் காட்ட வேண்டும். அதன் பிறகுதான் தாம்பூலத் தட்டு கை மாறும்.

இப்போது மரம் விற்கும் மரவாடிதான் பிழைப்பு என்றாலும், தேவநாதன் பெருமையை விடவில்லை. தினமும் காலையில் அவர் சாய்ந்திருக்க, மனைவி மங்கலம் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துக் காட்டுவாள். "ஜமீன்தாரு தோத்தாரு போ" என்று தெருவில் சொல்வார்கள்.

"பரங்கிப்பேட்டை... கடற்கரையில்... மீன... மீனவர்..." எழிலன் திணறினான். பிறகு அடுத்த இரண்டு வரியை மளமளவென்று ஒப்பித்தான்.

தேவநாதன் பேப்பரை எட்டிப் பார்க்கவில்லை. சமையலறை வாசலில் நின்ற மங்கலத்தின் முகத்தைப் பார்த்தார். காலையில் அதே செய்தியைப் படித்தவள் அவள். இல்லை என்று அவள் தலை லேசாக ஆடியது.

"அது பேப்பர்ல இல்ல. நீங்களாச் சேத்துச் சொல்றீங்க," என்றார் தேவநாதன்.

எழிலனின் அப்பா அன்பரசு குறுக்கிட்டார். "அண்ணே, புள்ள பயந்துட்டான். கம்ப்யூட்டர் கம்பெனியில கைநெறைய சம்பாதிக்கிறான். இத ஏன் பெருசு பண்றீங்க?"

"சம்பாதிக்கிறவன மரவாடியிலயே பாக்குறேன். இந்த வீட்டுக்குப் படிக்கத் தெரிஞ்சவன்தான் வேணும்."

உள்ளே இருக்கச் சொல்லியிருந்த மகள் வெண்மதி, லேப்டாப்போடு கூடத்துக்கே வந்துவிட்டாள். அவளும் எழிலனும் பாண்டிச்சேரியில் ஒரே ஆபீஸ்.

"அவருக்கு டிஸ்லெக்சியாப்பா. அறிவுல ஒரு கொறையும் இல்ல. எழுத்துதான் கண்ணுல கொழம்பும்."

"தெரிஞ்சேதான் கூட்டியாந்தியா?"

"தெரிஞ்சேதான். இத மொதல்ல பாருங்க."

திரையில் வரிவரியாக ஆங்கில எழுத்துகள். வழக்கமாகப் பார்க்கிற எழுத்துகள் இல்லை. சேற்றில் ஊன்றிய கால் போல ஒவ்வொன்றும் அடியில் தடித்திருந்தது.

"புரோகிராம்ல ஒரு எழுத்து மாறுனாலும் மொத்தமும் படுத்துடும்பா. பி-யத் திருப்புனா டி மாதிரி இருக்கு, சைபரும் ஓ-வும் ஒண்ணாத் தெரியுது. அதான் ஒவ்வொண்ணுக்கும் வேற வேற வால் வச்சு நானே வரைஞ்சேன். அடியில கனம் குடுத்தேன். இப்ப அவரு எவ்ளோ வேகமாப் படிக்கிறாரு தெரியுமா?"

எழிலன் திரையைப் பார்த்துப் படித்தான். புள்ளி, அடைப்புக்குறி எதுவும் விடாமல், மூச்சு வாங்காமல் படித்தான்.

தேவநாதனின் முகம் இளகவில்லை. "பொம்ம எழுத்த வச்சு வாத்தியார் வீட்டு மானத்தக் காப்பாத்த முடியாதும்மா. படிக்கத் தெரியாதவன மாப்ளையாக்கிட்டான்னு ஊரே காறித் துப்பும்." அன்பரசுவின் பக்கம் திரும்பினார். "தட்ட எடுத்துக்குங்க."

"வாடா," என்று எழுந்தார் அன்பரசு. "நம்ம சிதம்பரத்துக்குப் பஸ் இல்லாமப் போயிடல."

வெண்மதி சுவரோடு சாய்ந்து நின்றாள். அப்பா ஒரு முறை 'இல்லை' என்றால் அந்த வீட்டில் யாரும் மறுபடி கேட்டதில்லை.

கதவைத் திறக்கப் போன தேவநாதனிடம் எழிலன் சொன்னான். "ஒங்கள ஏமாத்தணும்னு வரல மாமா. எழுத்து எனக்கு நிக்க மாட்டேங்குது. ஒரு வரியப் புடிச்சா மேல் வரி எறங்கி வந்து அதும்மேல ஒக்காந்துக்கும். பள்ளிக்கூடத்துல வெளுத்து எடுத்தாங்க. மக்குன்னு நானே நம்பிட்டேன். யாருகிட்டப் போயி சொல்றது?"

தாழ்ப்பாளில் இருந்த தேவநாதனின் கை அப்படியே நின்றது.

மங்கலம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தேவநாதன் தாழ்ப்பாளை விட்டுத் திரும்பி வந்து, லேப்டாப்பின் முன்னால் குனிந்தார். அவர் முதுகு வளைந்து வெண்மதி பார்த்ததே இல்லை.

"அடியில கனம் குடுத்தா..." திரையில் ஓர் எழுத்தை விரலால் தொட்டார். "நெஜமாலுமே நிக்குதா தம்பி?"

"நிக்குது மாமா."

"தட்டக் கீழ வைங்க சம்பந்தி," என்றார் தேவநாதன். எழிலன் கீழே வைத்திருந்த பேப்பரை எடுத்து மடித்தார். வழக்கம்போல் மங்கலத்திடம் நீட்டவில்லை. மகளிடம் நீட்டினார்.

"தமிழுக்கும் ஒண்ணு வரையும்மா. எத்தினி நாளைக்குத்தான் ஒங்கம்மாவே எனக்குப் படிச்சுக் காட்டுவா?"