உப்புத் தண்ணீரில் ஒரு பேட்டரி

"தீப்பிடிக்காத மருந்து கலந்த செல்லுன்னு சொல்லித்தானேய்யா வித்தே? கலக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லு!"

பேட்டரிக் கடை வாசலில் ஏஞ்சல் போட்ட சத்தத்துக்குப் பிள்ளையார்பாளையத்துத் தறிகளெல்லாம் நின்று காது கொடுத்தன. அவள் தம்பி கமல் பேட்டரி ஸ்கூட்டரோடு எரிந்து போயிருந்தான்.

"உன் தம்பி விடிய விடிய சார்ஜ் போட்டுக்கினு தூங்கினா நான் இன்னாமா பண்றது?" என்றான் கடைக்காரன் கலைவாணன். மருந்து கலக்காத செல் மலிவு. அது அவனுக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும்.

கரியாகிப் போன பேட்டரியை மேசைமேல் போட்டுவிட்டு அவள் போனாள். கைப்பழக்கத்தில் மீட்டரை வைத்துப் பார்த்தான். முழுச் சார்ஜ் காட்டியது. வேறு மீட்டரும் அதையே சொன்னது. பேட்டரியைச் சாகடிக்க உப்புத் தண்ணீரில் ஊறப்போடுவது தொழில் வழக்கம். போட்டான். காலையில் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. பேட்டரியில் முழுச் சார்ஜ். தினமும் அப்படியே. அப்போதும் ஏஞ்சலிடம் அவன் வாய் திறக்கவில்லை.

கடையை மூடிவிட்டு மாகறலில் மாமனார் வீட்டோடு போய் ஒட்டிக்கொண்டான். காற்றோட்டமான ஊராம். ஏஞ்சல் கல்யாணமாகி ஸ்ரீபெரும்புதூர் போனபோது, அவன் கடை வாசலில் உப்புத் தண்ணீர் வாளியோடு விட்டுப்போன பேட்டரியைக் கமலின் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போனாள். தொட்டுப் பார்த்த மாமியார், தூங்குகிற பிள்ளையின் உடம்புச் சூடு மாதிரி இருந்தது என்றாள்.