இரண்டாவது லேப்டாப்

அப்பா ஆபீசை ஏமாற்றுகிறார் என்று கீர்த்திக்குத் தெரிந்து பதினைந்து நாளாகிவிட்டது.

ஹடப்சர் ஏரியாவில் அவர்கள் வீட்டின் ஹாலில் ஒரு மேஜை. மேலே ஒரு மானிட்டர், ஒரு கீபோர்டு, ஒரு மவுஸ். கீழே இரண்டு லேப்டாப். எல்லா வயரும் சோப்பு டப்பா அளவுள்ள ஒரு ஸ்விட்ச் பெட்டிக்குள் போகும். அதில் இருக்கும் பட்டனை அமுக்கினால் திரையில் ஜெகதீசன் வருவார். அதுதான் அப்பா. இன்னொரு தரம் அமுக்கினால் கேஷவ் வருவார். இரண்டு பேருக்கும் ஒரே கம்பெனி, ஒரே டீம். தட்டுகிற விரல் மட்டும் அப்பாவுடையது.

நாள் முழுக்க டக், டக். ஜெகதீசனாகக் கேள்வி கேட்பார். கேஷவாகப் பதில் சொல்வார்.

ஒருநாள் பட்டனை அமுக்க மறந்து, கேஷவ் பேரிலேயே "கேஷவ், இதைப் பார்த்துச் சொல்லுங்க" என்று எழுதிவிட்டார். பின்னால் நின்று அதைப் பார்த்துத்தான் கீர்த்தி கண்டுபிடித்தாள். டீமில் அதற்கு ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. சரியான முட்டாள்கள்.

கேஷவ் யாரென்று அப்பாவிடம் கேட்டாள். ஆபீஸ் விஷயம், உனக்கெதற்கு என்று பேச்சை வெட்டிவிட்டார். அப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது? இல்லாத ஆள் பேரில் இன்னொரு சம்பளம். இவ்வளவுதானே.

இத்தனை நாள் அவள் வாயை மூடிக்கொண்டிருந்ததே பெரிசு.

அன்று காலை அவல் போஹே சாப்பிடும்போது அப்பா ஆரம்பித்தார். பன்னிரண்டாவதைப் பாதியில் விட்டு ஆறு மாசம் ஆகிறது, பிரைவேட்டாக எழுத வாங்கி வைத்த பரீட்சை ஃபாரம் அப்படியே கிடக்கிறது, எதிலும் பொறுமை கிடையாது. வழக்கமான பாட்டுதான். கடைசியில், "நேர்மையா உட்கார்ந்து ஒரு வேலை செய்யத் துப்பில்ல" என்றார்.

"நேர்மையைப் பத்தி நீங்க பேசாதீங்கப்பா" என்றாள் கீர்த்தி. மேஜைக்கு அடியில் இருந்த லேப்டாப்களைக் கைகாட்டினாள்.

அப்பா பாதித் தட்டோடு எழுந்து கை கழுவினார். ஒரு இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும், பதினொன்றுக்குள் வந்துவிடுவேன், எதையும் தொடாதே என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு போனார்.

பதினொன்று ஆயிற்று. அவர் வரவில்லை. திரையில் கேஷவ் இருந்தார்.

மேனேஜர் தருண் தினமும் அந்த நேரத்தில் டீம் குரூப்பில் ஒவ்வொருவர் பேராகக் கேட்பார். இருக்கிறேன் என்று எழுத வேண்டும். அப்பா ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டிருந்தார். அடுத்தது கேஷவ்.

கேஷவ், இருக்கீங்களா என்று தருண் எழுதினார். ஒரு நிமிஷம் கழித்து மறுபடியும் கேட்டார். கேஷவுக்கு நெட் பிரச்சினை என்று யாரோ எழுதினார். காலையிலேயே ரிப்போர்ட் அனுப்பிவிட்டாரே என்று இன்னொருவர்.

கீர்த்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு கூட்டமே இப்படியா ஏமாறும்?

கீபோர்டை இழுத்தாள்.

"கேஷவ்னு யாரும் இங்கே கிடையாது. இது ஜெகதீசன் வீடு. ரெண்டு லேப்டாப்பையும் ஓட்டுறது அவர்தான். நான் அவர் பொண்ணு."

என்டர்.

கால் மணி நேரத்தில் திரை பூட்டிக்கொண்டது. கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது, எச்.ஆரைத் தொடர்புகொள்ளவும் என்று வந்தது. பட்டனை அமுக்கினாள். ஜெகதீசன் பக்கமும் அதே வரி.

அதை அவள் நினைத்திருக்கவில்லை.

அப்பா உள்ளே வந்ததும் திரையைப் பார்த்தார். பட்டனை நாலைந்து தடவை அமுக்கினார். என்ன எழுதினாய் என்று கேட்டார். ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். பொய் சொல்ல அவளுக்கு வராது.

கத்துவார் என்று காத்திருந்தாள். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"கேஷவ் என்கூட வேலை செய்றவன். ரெண்டு கிட்னியும் போச்சு. லீவெல்லாம் தீர்ந்து மூணு மாசமாச்சு. வேலையில இருக்கிற வரைக்கும்தான் கம்பெனி இன்சூரன்ஸ். வியாழக்கிழமை ஆபரேஷன். அவன் பொண்டாட்டி வைஜயந்தி தனியா நிக்குது, இப்ப அதுக்குத்தான் ஆஸ்பத்திரியில சாட்சிக் கையெழுத்துப் போட்டுட்டு வரேன்."

"சம்பளம்?"

"அவன் வீட்டுக்குத்தான் போகுது."

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"உனக்கு வாய் நிக்காதேம்மா" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

அவர் போனைப் பிடுங்கினாள். தருணிடம் நான் பேசுகிறேன், நடந்தது தெரிந்தால் அந்த ஆளும் மனுஷன்தானே, வியாழக்கிழமை வரைக்குமாவது விட்டுக்கொடுப்பார் என்றாள். வேண்டாம் என்று அப்பா தலையை ஆட்டினார். அதற்குள் அந்தப் பக்கம் மணி அடிக்க ஆரம்பித்திருந்தது.

தருண் எடுத்ததும் மூச்சு விடாமல் கொட்டினாள். கிட்னி, லீவு, இன்சூரன்ஸ், வியாழக்கிழமை, எல்லாம். எழுதியது தப்பு என்றும் சொன்னாள். அவர் குறுக்கே எதுவும் கேட்கவில்லை.

"தெரியும் பேட்டா. டீம்ல எல்லாருக்கும் முதல் நாளே தெரியும். அந்த குரூப்பை எச்.ஆர். படிப்பாங்க, கேஷவ் வேலையில இருக்கார்னு அவங்க கண்ணுல படணும்னுதான் நான் தினம் கேஷவ் பேரைக் கூப்பிட்டுட்டு இருந்தேன்."