கரித்துண்டின் விரதம்

ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒரு கரித்துண்டு இருந்தது. அது எவ்வளவு வாயுவை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்று அன்று எடைபோட்டு அளக்கப் போனார்கள். சரியாக உறிஞ்சாவிட்டால் செருப்பு அலமாரியில் நாற்றத்தை உறிஞ்சும் வேலைக்குப் போக வேண்டியதுதான்.

"முதல்ல உன் வயித்தைக் காலி பண்ணணும்," என்றது காற்றை இழுக்கும் பம்பு.

"எதுக்கு அண்ணே? காலையிலேர்ந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்கலை. விரதம்," என்றது கரி.

"அப்ப சட்டுன்னு முடிச்சிடலாம்," என்று கரி உட்கார்ந்திருந்த தராசு அவசரப்பட்டது.

வாயு வந்தது. கரி வாயை ஆவென்று திறந்தது. உள்ளே இடமே இல்லை. தராசில் எடை கொஞ்சமும் ஏறவில்லை.

"ஐயோ, செருப்பு அலமாரிக்கு அனுப்பிடுவாங்களே, காப்பாத்துங்க அண்ணே!" என்று கரி அலறியது.

பம்பு அதைச் சூடாக்கி, பலமாக இழுத்தது. முதலில் ஈரக்காற்று புஸ்ஸென்று வந்தது. பின்னால் சாம்பார் வாசனை வந்தது. கடைசியாக வெங்காய பஜ்ஜி வாசனையும் வந்தது.

"நல்ல விரதம்டா!" என்றது பம்பு.

மறுபடி வாயுவை விட்டார்கள். கரி மடக்கு மடக்கென்று விழுங்கியது. எடை விறுவிறுவென்று ஏறியது.

"யப்பா! இவ்வளவா?" என்று தராசு வாயைப் பிளந்தது.

கரி ஏப்பத்தை அடக்கிக்கொண்டு, "நீங்க ரொம்ப வற்புறுத்தினீங்க, அதான் கொஞ்சம் ருசி பார்த்தேன்," என்றது.